பூச்சி டாக்டரும் என் முன்பல் நான்கும்

பல் பிடுங்கத் தெரிந்தும் பிடுங்கமாட்டேன் என்று அடம்பிடித்த பல் டாக்டர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரும் மட்டாஞ்சேரியில், எங்கள் மிளகுக் கிடங்குக்கு எதிர்மாடியில் இருந்தார். பெயர் யாருக்கும் தெரியாது. பூச்சி டாக்டர் என்றால் படகுக்காரர்கூட வழி காட்டுவார்.

ஐம்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்துநாலு வயது, கிடங்கில் குமாஸ்தா, இரண்டு மாதத்தில் பாலக்காட்டில் கல்யாணம். ஈறைத் தொட்டால் ரத்தம். முன்பல் நான்கும் ஆட்டம். அந்நாளில் இதற்கு எல்லோரும் சொன்ன ஒரே வைத்தியம், மொத்தமாகப் பிடுங்கிவிட்டுப் பல்செட் மாட்டிக்கொள்வது. புதுச் செட்டோடு மணவறையில் ஜம்மென்று உட்காரலாம் என்று அவரிடம் போனேன்.

அவர் ஈறோரம் சுரண்டியதைக் கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். மூன்று தலைமுறையாக மீன் தொடாத குடும்பத்துப் பையன் வாயில், குளத்து மீன்குஞ்சு மாதிரி ஏதேதோ துள்ளிக்கொண்டிருந்தன.

“பயப்படாதே. எல்லார் வாயிலும் உண்டாக்கும். தெனம் தேச்சு விரட்டினா சாது. பல்லிடுக்கில குடியிருக்க விட்டாத்தான் ஈறைக் கெடுக்கும்” என்றார்.

ரத்தம் வருகிற இடத்தை விட்டுவிட்டு உமிக்கரி தேய்ப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம் என்றேன். அந்த இடத்தில்தான் தேய்க்கவேண்டும் என்று ஒரு பிரஷ்ஷைக் கையில் திணித்தார்.

தினம் காலை அவர் பல்லில் படிந்த காரையைச் சுரண்ட, நான் கிடங்குக்குத் தாமதம். என்னைத் திட்ட மாடியேறி வந்த முதலாளி சேட்டின் வாயையும் டாக்டர் விடவில்லை. சேட் ஜைனர், எறும்பைக்கூட மிதிக்காதவர். தன் வாயில் அத்தனை ஜீவன்களைக் கண்டதும் கும்பிட்டுவிட்டு, மறுநாள் முதல் பல் தேய்ப்பதையே நிறுத்திவிட்டார். கொலைப் பாவம் வேண்டாமாம். அவர் பேச வந்தால் மூட்டை தூக்குகிறவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். ஒரு வாரம் யோசித்து டாக்டர் வழி கண்டுபிடித்தார்: கொல்லவேண்டாம், வீடு மாற்றிவிட்டால் போதும். அன்று முதல் சேட் படகுத்துறைப் படியில் உட்கார்ந்து பல் தேய்த்து, காயலில் மெல்லக் குனிந்து, பத்திரமாகத் துப்பினார்.

எனக்கோ ஆரம்பத்தில் ரத்தம் இன்னும் அதிகமானது. பிடுங்கித் தொலையுங்கள் என்று ஒருநாள் கத்தியே விட்டேன். அவர் பாட்டுக்குச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஆறாவது வாரம் ரத்தம் நின்றது, ஆட்டமும் குறைந்தது.

கல்யாணத்துக்கு வந்தார். பெண்ணைப் பார்க்குமுன் என் ஈறைப் பார்த்தார். சீர் முறுக்கு ஒன்றை நீட்டினேன். வாங்கி, திரும்ப என் கையிலேயே வைத்தார்.

“இருபத்திரண்டு வயசில என் பல்லு எல்லாத்தையும் பிடுங்கிட்டா. வேண்டாம்னு சொல்ல அப்போ எனக்கு ஆளில்லை. நீ கடி, நான் கேக்கறேன்.”

கடித்தேன். மேளச் சத்தத்துக்கு நடுவே கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. எனக்கு இன்றும் சொந்தப் பல்தான். முறுக்கு கடிக்கிறபோதெல்லாம், அந்த மனுஷர் எதிரே உட்கார்ந்து கேட்கமாட்டாரா என்று ஏங்கிப்போகிறேன்.