ரஷ்யாக்காரர் சொன்ன ஒரே பொய்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டித் தலைகீழாக உலுக்கினாலும், மே மாத வெயிலில் பனிப்பொழிவை நினைத்துக் கண்கலங்குகிற மனிதர் ஒரே ஒருவர்தான் கீழே விழுவார். அவர் எங்கள் ரஷ்யாக்காரர்.

அவருக்கும் ரஷ்யாவுக்கும் உறவு கிடையாது. பாஸ்போர்ட்டும் கிடையாது. அரியலூரில் நான் கணக்கு எழுதிய லாரி புக்கிங் ஆபீஸில் அவர் மேனேஜர். பெரம்பலூர் புத்தகத் திருவிழாவில் பழைய ரஷ்யச் சிறுகதைகளின் தமிழ்ப் புத்தகங்களை ஒரு கோணிப்பை நிறைய வாங்கி வந்தார். ஆலத்தியூரிலிருந்து சிமெண்ட் லோடு ஏற்றிய லாரிகள் எங்களைத் தாண்டிப் போகும்போது ஆபீஸே ஆடும். அவர் அசையாமல், குளிரில் வண்டியோட்டும் ஓர் ஏழைக்காக மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பார்.

படித்தால் போதாதா? அதன்படி வாழ்வேன் என்று கிளம்பினார். அங்கேதான் எங்களுக்குக் கேடுகாலம் தொடங்கியது.

முதல் அடி டிரைவர்களுக்கு. ரஷ்யக் கதைகளில் மரியாதையாகக் கூப்பிடுவதென்றால் அப்பா பெயரையும் சேர்த்துத்தான் கூப்பிடுவார்களாம். உடனே எல்லா டிரைவர்களும் அப்பாவோடு அழைக்கப்பட்டார்கள்.

"வாங்க, கோவிந்தசாமி மகன் செல்வம்!"

"சார், எங்கப்பன் பேரை மட்டும் எடுக்காதீங்க. அந்த ஆளு எங்களை அம்போன்னு வுட்டுட்டு ஓடிப்போயிட்டாரு."

"ஓடிப்போனவருக்கும் ஆத்மா இருக்கு, செல்வம்."

"இருக்கட்டும் சார். அது எங்க இருக்குன்னு தெரிஞ்சா அட்ரஸ் குடுங்க, போயி நாலு கேள்வி கேக்கணும்."

அடுத்து உண்மை. லாரி புக்கிங் தொழில் உலகத்தில் எந்த மூலையிலும் ஒரே வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது. "லோடு எங்கய்யா?" என்று கடைக்காரர் கேட்டால், "கீழப்பழுவூர் தாண்டிட்டான் சார்" என்று சொல்ல வேண்டும். டிரைவர் அப்போது எங்கள் ஆபீஸ் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருப்பார். இதைக் கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். இரு தரப்புக்கும் மனநிம்மதி.

ஒருநாள் திருச்சி சிமெண்ட் கடைக்காரரின் போனை ரஷ்யாக்காரர் எடுத்துவிட்டார்.

"வண்டி இன்னும் ஷெட்டுலதாங்க நிக்குது. டிரைவர் குளிக்கிறாரு. நீங்க கோவப்படுறது ரொம்ப நியாயங்க."

ராங் நம்பர் என்று நினைத்துக் கடைக்காரர் போனை வைத்துவிட்டார்.

எங்கள் முதலாளி ராஜமாணிக்கத்துக்கு ரத்தக்கொதிப்பு ஏறியது. ஆளை வேலையைவிட்டே தூக்கியிருப்பார். ஆனால் விபரீதம் வேறு திசையில் போயிற்று. கொஞ்ச நாளில் கடைக்காரர்கள் எல்லோரும், "போனை அந்த ரஷ்யாக்காரர்கிட்ட குடுய்யா" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் "தாண்டிட்டான்" என்று சத்தியம் செய்தாலும் நம்ப ஆளில்லை. அவர் "வரலை" என்றால் நிம்மதியாகச் சாப்பிடப் போனார்கள்.

எனக்கும் அடி விழுந்தது. என் பெரியப்பாவை இரண்டாவது தடவையாகச் சாகடித்து லீவு வாங்கியிருந்தேன். திரும்பி வந்து சோகமாக நாற்காலியில் உட்கார்ந்தால், முதலாளி முன்னால் ரஷ்யாக்காரர் என் தோளைத் தொட்டார்.

"உங்க பெரியப்பா நேத்து சந்தையில கத்திரிக்கா வாங்கிட்டிருந்தாரு. நல்லா இருக்காரு. கவலைப்படாதீங்க."

முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் நான் கத்திரிக்காயாக வதங்கினேன். ரஷ்யாக்காரரே எனக்காகப் பரிந்து பேசினார்.

"வுட்டுருங்க முதலாளி. பொய் சொன்ன மனசு ராத்திரியெல்லாம் என்ன பாடு பட்டிருக்கும்!"

என் மனசு எந்தப் பாடும் படவில்லை. அது பெரம்பலூர் தியேட்டர் ஒன்றின் பால்கனியில் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தது.

முதலாளிக்கு ஒரே பெண், கயல்விழி. கூட வேலை பார்த்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டு திருச்சியில் இருந்தாள். நல்ல பையன், நல்ல வேலை. ஆனால் எங்கள் பக்கத்தில் குரலைத் தாழ்த்தி "வேற ஆளுங்க" என்று சொல்வார்களே, அந்த வேறு. அதோடு அவளைத் தலைமுழுகிவிட்டார் முதலாளி. வீட்டில் அவள் பெயரைச் சொல்லவும் தடை. அம்மா போனில் பேசவும் தடை.

ஒருநாள் மத்தியானம் ரஷ்யாக்காரர், மகளை மன்னிக்காத ஓர் அப்பாவின் கதையை முதலாளிக்குச் சொல்லத் தொடங்கினார். பனி கொட்டுகிறது, மகள் கதவைத் தட்டுகிறாள் என்ற இடம் வந்தபோது டீ டம்ளர் பறந்தது. குறி அவருக்கு. விழுந்தது என் சட்டையில்.

"யோவ்! நான் செத்தாலும் அவ என் வாசப்படி மிதிக்கக் கூடாதுய்யா! இன்னொரு வாட்டி பேசினே, உன்னை அந்தப் பனியிலயே கொண்டுபோயி நிக்க வெச்சுருவேன்!"

அடுத்த வாரம் மாரடைப்பில் முதலாளி போய்விட்டார். சாவு வீட்டுக்கு ஓடி வந்த கயல்விழியை முதலாளியின் தம்பி தெருமுனையிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார்.

பதினாறாம் நாள் செந்துறை வீட்டில் படத்திறப்பு. பந்தல், மைக் செட், முதலாளி சிரிக்கிற பிளெக்ஸ். அந்தச் சிரிப்பை நாங்கள் யாரும் நேரில் பார்த்ததில்லை. பேச வந்தவர்கள் முதலாளியைப் பற்றி ஒரு வரியும் தங்களைப் பற்றி மீதியும் பேசினார்கள். டீயோடு பன் கேட்டால் முறைக்கிற மனிதரை வள்ளல் என்றார் ஒருவர். டிரைவர் செல்வத்துக்கு அந்த இடத்தில் புரையேறியது.

எதிர்க்கடை நிழலில் கயல்விழி நின்றுகொண்டிருந்தாள். உள்ளே அவள் அம்மா தலையை நிமிர்த்தாமல் உட்கார்ந்திருந்தார். மறுநாள் அண்ணியைத் தன் வீட்டோடு அழைத்துப்போக முதலாளியின் தம்பி ஏற்பாடு செய்திருந்தார். அந்த வீட்டுக்குள் கயல்விழி நுழையவே முடியாது. அம்மாவைப் பார்க்க அவளுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு மத்தியானம்தான். தம்பியோ பந்தல் வாசலில் தூண் மாதிரி நின்றார். "அண்ணன் வாக்கை மீற முடியாதுங்க."

மைக்கில் ரஷ்யாக்காரரைக் கூப்பிட்டார்கள். தம்பி பதறிப்போய் என்னிடம் வந்தார்.

"ஏம்ப்பா, நீ மைக் செட்டுக்கிட்ட போய் உக்காரு. அந்தாளு உண்மை கிண்மை பேச ஆரம்பிச்சா ஒயரைப் புடுங்கிரு."

போய் உட்கார்ந்தேன்.

"தண்டபாணி மகன் ராஜமாணிக்கம்," என்று ஆரம்பித்தார் ரஷ்யாக்காரர். "நல்லவரான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலை."

நான் ஒயரில் கை வைத்தேன்.

"கோவக்காரரு. என் மேல டம்ளரை வீசியிருக்காரு."

பிளக்கைப் பாதி உருவிவிட்டேன். அவர் எதிர்க்கடையைப் பார்த்தார். முகம் வேர்த்துக் கொட்டியது.

"போறதுக்கு முந்தின வாரம் என்கிட்ட ஒண்ணு சொன்னாரு. 'உசுரோட இருக்கிறவரைக்கும் நான் எறங்கி வர மாட்டேன்யா, என் புத்தி அப்படி. நான் போயிட்டா அந்தப் புள்ளைய வாசல்ல நிக்க வெச்சுராதீங்க'ன்னாரு."

என் சட்டையில் இன்னும் டீக்கறை போகவில்லை. எனக்குத் தெரியாதா அவர் சொன்னது?

தம்பி என்னிடம் திரும்பினார். "நீயும் அங்கதானே இருந்தே? அண்ணன் அப்படியா சொன்னாரு?"

"ஆமாங்க. சொல்றப்ப கண்ணு கலங்கிருச்சுங்க. என் கையைக்கூடப் புடிச்சுக்கிட்டாரு." எனக்குப் பொய்யை அளவாகச் சொல்ல வராது.

"நீ சொன்னா நான் நம்புவேனா? ரஷ்யாக்காரரே சொல்லிட்டாரே, அதுக்காக வுடுறேன்," என்று தூண் ஓரமாக நகர்ந்தது.

அதற்குள் அந்த அம்மா எழுந்துவிட்டார். செருப்புகூடப் போடாமல், கொதிக்கிற தார் ரோட்டைக் கடந்து ஓடினார். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுத சத்தம், பாதி பிளக் உருவிய மைக்கைத் தாண்டி எல்லோருக்கும் கேட்டது.

சாயங்காலம் அரியலூர் பஸ்ஸில் ஏறினோம். ரஷ்யாக்காரர் கொலை செய்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார்.

"செத்த மனுசன் வாயில பொய்யை வெச்சுட்டேன்யா. தப்பு."

"உங்க ரஷ்யக் கதையில இப்படியெல்லாம் வராதா சார்?"

"வரும். ஆனா கடைசியில யாராவது ஒருத்தரு செத்துருவாங்க."

"அதான் முதல்லயே செத்துட்டாரே சார்."

அவர் சிரிக்கலாமா கூடாதா என்று மனசாட்சியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் எழுந்து, கல்யாணமான அன்றைக்கு என் பெண்டாட்டி கேட்டும் கொடுக்காத ஜன்னலோர சீட்டை அவருக்கு விட்டுக்கொடுத்தேன்.