மறுபக்கம் ஆள் நிற்கக் கூடாது

"இத்தனை வருஷத்துல என்கிட்ட வாயைத் திறந்து ஏதாவது கேட்டிருக்கீங்களா?" என்று அன்றைக்கு சுப்ரஜா கேட்டாள்.

"காபி கேப்பேனே," என்றார் ஷ்யாம்சுந்தர்.

"எங்க கேட்டீங்க? டம்ளரைக் கழுவி மேடைமேல வச்சுட்டு ஓரமா நிப்பீங்க. நான்தான் புரிஞ்சுக்கணும்."

ஷ்யாம்சுந்தர் யோசித்துப் பார்த்தார். அப்படித்தான் செய்திருக்கிறார்.

"வெள்ளத்துல படகு வந்தப்பகூட நீங்க கேக்கல."

அதுவும் உண்மைதான். முடிச்சூர் முழுக்கத் தண்ணீரில் மிதந்த அந்த வருஷம், தெருவுக்குள் படகு வந்தது. மற்ற மாடிகளில் எல்லோரும் துண்டை வீசிக் கத்தினார்கள். ஷ்யாம்சுந்தர் மட்டும், விடை சரியா தப்பா என்று தெரியாத பையன் வகுப்பில் கை தூக்குவதுபோல, பாதிக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். படகு போய்விட்டது. சுப்ரஜா போட்ட கூச்சலில்தான் அது திரும்பி வந்தது.

"நான் கத்தலேன்னா இன்னும் மாடியிலதான் நின்னுட்டிருப்போம்," என்றாள் சுப்ரஜா. பிறகு குரல் இறங்கியது. "எனக்கு அலுத்துப் போச்சுங்க. நம்ம பொண்ணு சின்மயியும் சிறுசேரியில வேலைன்னு போயாச்சு. ஒரு வார்த்தை பேச ஆளில்லாத வீட்ல ரெண்டு பேர் எதுக்கு ஒண்ணா இருக்கணும்? ஹால் நடுவுல ஒரு தடுப்பு போட்டுடுங்க. பின்வாசல் பக்கம் எனக்கு. நான் தனியா அடுப்பு வச்சுக்கறேன்."

வேண்டாம் என்ற சொல் அவர் தொண்டை வரை வந்தது. அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

"சரி," என்றார்.

அதற்குப் பிறகு ஒரு மாதமாக அந்த வீட்டில் மிக்ஸிதான் அதிகம் பேசியது. வீட்டை விற்றுப் பிரிந்து போகவும் வழியில்லை. முடிச்சூரில் வீடு பார்க்க வருகிறவர்கள், சாமி அறை எங்கே என்று கேட்பதற்கு முன்னால் சுவரில் வெள்ளக் கோடு எங்கே என்றுதான் தேடுகிறார்கள்.

தச்சரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் "எதுக்கு சார் வீட்டுக்கு நடுவுல தடுப்பு?" என்று கேட்பார். அதற்குப் பயந்து, தடுப்பைத் தானே அடித்துவிடுவது என்று ஷ்யாம்சுந்தர் முடிவு செய்தார். போனில் நாலு வீடியோ பார்த்ததில், காற்றால் ஆணி அடிக்கும் துப்பாக்கி ஒன்று இருந்தால் குழந்தைகூட செய்துவிடும் என்று தோன்றியது.

"பரிதா கடையில வாடகைக்குக் கிடைக்கும்," என்றாள் சுப்ரஜா, சுவரைப் பார்த்து. பரிதாவின் மகள் அஃப்ஷான் சுப்ரஜாவிடம் கணக்கு டியூஷன் படிக்கிறவள்.

மெயின் ரோட்டில் ஏணிக்கும் டிரில்லுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த பரிதா, அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா சார், முன்னே பின்னே இதைப் புடிச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப காதைக் குடுங்க. கண்ணாடி போடாம கையில எடுக்காதீங்க. தூக்கினு நடக்கும்போது விரல் விசையில இருக்கக் கூடாது. துப்பாக்கி மூக்கை மரத்துல அழுத்தினாத்தான் ஆணி வரும், அந்த மூக்கைக் கம்பியால கட்டி வச்சுட்டு வேகமா அடிக்கலாம்னு புத்தி போச்சு, கை போச்சு. ஆணி சிக்கிச்சா, மொதல்ல காத்து வர்ற ஹோஸைக் கழட்டணும், அப்பாலதான் கை வைக்கணும். ராத்திரி காத்தடிக்கிற கம்ப்ரஸர் அடியில திருகைத் திறந்து தண்ணியை வடிச்சுடுங்க. காலையில துப்பாக்கிக்கு ரெண்டு சொட்டு ஆயில்."

ஷ்யாம்சுந்தர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

"இனிமேதான் முக்கியம். டீச்சர் பலகையைப் புடிக்கட்டும். நீங்க 'அடிக்கிறேன்'னு சத்தமா சொல்லணும். அவங்க 'அடி'ன்னு சொன்னாத்தான் அடிக்கணும். பலகைக்கு மறுபக்கம் ஆள் நிக்கக் கூடாது. ரெண்டு பேரும் ஒரே பக்கம்."

"ரெண்டு பேரும் இருந்தே ஆகணுமா?"

"தனியா வேலை பாக்கறவங்களுக்கு நான் துப்பாக்கி குடுக்கறதில்ல சார்." முக்கால் அங்குல ஆணிப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தாள். "ரெண்டு இன்ச் ஆணி ஸ்டாக் இல்ல."

அவர் கேட்கவே இல்லை. அவளாகத்தான் சொன்னாள். "டீச்சருக்கும் இதெல்லாம் போன்ல சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை சாயந்தரம் நானே வந்து எடுத்துக்கறேன்," என்றும் சொன்னாள்.

சனிக்கிழமை காலை. மார்கழித் தூறல். மரக்கடையில் அறுத்து வாங்கிய சட்டங்களைத் தரைக்கும் கூரைக்கும் நடுவில் இறுக்கி நிறுத்தியாகிவிட்டது. வீடு பாதி கட்டிய கூண்டுபோல இருந்தது. துப்பாக்கிக்கு ரெண்டு சொட்டு ஆயில். என்ன ஆயில் என்று பரிதாவைக் கேட்டிருக்கலாம். கடையில் கூட்டமாக இருந்ததால் அவர் கேட்கவில்லை. குளியலறையில் தேங்காயெண்ணெய் இருந்தது. குளிரில் பாட்டிலுக்குள்ளேயே உறைந்திருந்தது. கரண்டியில் எடுத்து அடுப்பில் காட்டி இளக்கி, பயபக்தியோடு ரெண்டு சொட்டு விட்டார். திருப்தி வராமல் இன்னும் ரெண்டு.

"அடிக்கிறேன்," என்றார்.

பலகையைப் பிடித்துக்கொண்டு அவர் தோளருகே நின்ற சுப்ரஜா ஒரு கணம் தயங்கினாள். புருஷனைப் பார்த்து 'அடி' என்று சொல்ல வாய் வரவில்லை.

"அடிங்க," என்றாள்.

டப்.

ஹால் முழுக்கத் தேங்காயெண்ணெய் மணம் புகையாகப் பரவியது. சுப்ரஜா மோந்து பார்த்தாள். "துப்பாக்கிக்கு எண்ணெய்க் குளியலா?"

ஒரு மாதத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் வேடிக்கை அது. பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அவர் யோசித்து முடிப்பதற்குள் அவள் முகம் பழையபடி மூடிக்கொண்டது.

பத்துப் பன்னிரண்டு ஆணி இறங்கியதும் துப்பாக்கி 'புஸ்' என்றது. மறுபடியும் 'புஸ்'. ஆணி சிக்கிக்கொண்டதோ என்று மூக்கைத் திருப்பி உள்ளே விரலை விடப் போனார்.

"ஹோஸு!" என்று அலறி சுப்ரஜா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "முதல்ல ஹோஸைக் கழட்டுங்க!"

ஹோஸைக் கழற்றினார். அவள் கையை எடுத்துவிட்டாள். எடுக்காதே என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது.

பரிதா கடையில் துப்பாக்கியைப் பிரித்தபோது உள்ளே வெள்ளையாக, வெண்ணெய்போல, எண்ணெய் கட்டியிருந்தது.

"ஐயோ சார்! உள்ள காத்து சில்லுனு போவும், தேங்காயெண்ணெய் உறையாம இன்னா பண்ணும்? என்ன ஆயில்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"நீங்க பிஸியா இருந்தீங்க…"

"வாய் எதுக்கு சார் கீது?" என்றாள் பரிதா. கையில் மிஷின் ஆயில் புட்டியைத் திணித்தாள்.

அன்றிரவு யாரும் நினைவுபடுத்தாமலே அவர் கம்ப்ரஸர் தண்ணீரை வடித்தார். திருகிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. சுவரின் வெள்ளக் கோட்டைப் பார்த்தபடி அது தீரும்வரை உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி ஒழுங்காக வேலை செய்தது. பிரச்சினை வாசல் வழியாக வந்தது.

"அடிக்கிறேன்!"

"அடிங்க!"

டப்.

"அடிக்கிறேன்!"

"ம், அடிங்க!"

டப். டப்.

அழைப்பு மணி விடாமல் அடித்தது. பக்கத்து வீட்டு ஜெயவேலு, லுங்கியை மடித்துக் கட்டியபடி, மூச்சு வாங்க நின்றார். பின்னாலேயே அவர் மனைவி, கையில் போனோடு.

"சார், உங்களை எவ்வளவு சாதுன்னு நினைச்சேன்! என்ன இருந்தாலும் உக்காந்து பேசித் தீத்துக்கலாம் சார். பொம்பளைமேல கை வைக்கலாமா?" சுப்ரஜாவிடம் திரும்பினார். "நீங்களும் ஏன்மா 'அடிங்க அடிங்க'ன்னு வீம்பு பண்றீங்க?"

துப்பாக்கியைக் காட்டி விளக்கியதும் ஜெயவேலு தலையைச் சொறிந்தார். "ஓ, ஆணியா. சரி, சரி. ஹால் நடுவுல எதுக்கு சார் தடுப்பு?"

ஒரு மாதமாக எந்தக் கேள்விக்குப் பயந்தாரோ அது வந்தேவிட்டது. ஷ்யாம்சுந்தர் சுப்ரஜாவைப் பார்த்தார். சுப்ரஜா அவரைப் பார்த்தாள். அவர் சொல்லட்டும் என்று காத்திருப்பதுபோல இருந்தது.

"காத்து வராம இருக்க," என்றார் ஷ்யாம்சுந்தர்.

கதவு சாத்தியதும் அவள் திரும்பிப் போய்ப் பலகையைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு அவமானம். இனி 'அடிக்கிறேன்' என்று கத்துவதில்லை என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டார். வேலை முடியும்வரையாவது ஒரு சொல் பேசவேண்டிய கட்டாயம் இருந்தது. அதுவும் போயிற்று.

மத்தியானம் நிமிர்ந்து பார்த்தால், நிறுத்திய இரண்டு பலகைகளும் முன்னால் சாய்ந்து கும்பிடு போட்டுக்கொண்டிருந்தன. முக்கால் அங்குல ஆணி சட்டத்துக்குள் நகக்கண் அளவுதான் இறங்கியிருந்தது. நெருக்கி நெருக்கி அடித்துப் பார்த்தார். பலகைக்கு அம்மை போட்டதுபோல் ஆயிற்றே தவிர, நிற்கவில்லை. பரிதாவுக்குப் போன் செய்து வேறு ஆணி கேட்கலாம். ஸ்டாக் இல்லை என்று சொன்னவளிடம் மறுபடி எப்படிக் கேட்பது? கம்ப்ரஸரின் குமிழைத் திருகிக் காற்றை ஏற்றினார். துப்பாக்கி இப்போது வெடிச்சத்தத்தோடு குதித்தது. பலகைகள் ஒருவழியாக நின்றன.

கடைசிப் பலகை மிச்சம். அதை அடித்துவிட்டால் ஹால் இரண்டு. ராத்திரி சாப்பாடு இரண்டு அடுப்பில்.

சுப்ரஜா பலகையை இடைவெளியில் சாத்தி வைத்தாள். ஏதோ சொன்னாள். கம்ப்ரஸர் இரைச்சலில் அவர் காதில் விழவில்லை. என்ன என்று கேட்கவும் இல்லை. மேலே இரண்டு ஆணி, ஓரத்தில் நாலைந்து. கண்ணாடிக்குள் கண் கலங்கி, சட்டம் எங்கே இருக்கிறது என்றே சரியாகத் தெரியவில்லை. நடுவில் மூக்கை வைத்து அழுத்தினார். ஒன்றும் சொல்லாமல் விசையை இழுத்தார்.

டப்!

சட்டத்தைத் தவறவிட்ட ஆணி பலகையைத் துளைத்துக்கொண்டு போனது. மறுபக்கத்திலிருந்து அலறல் கேட்டது.

"ஐயோ!"

ஷ்யாம்சுந்தர் திரும்பினார். தோளருகே யாரும் இல்லை.

விரலை விசையிலிருந்து எடுத்தார். ஹோஸைக் கழற்றினார். பரிதா சொன்னதைக் கை மறக்கவில்லை. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, பலகையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். முக்கால் அங்குல ஆணிகள் அத்தனையும் ஒரே இழுப்பில் பொலபொலவென்று உதிர்ந்தன. பலகை அவர்மேலேயே விழுந்தது. அதைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

சுப்ரஜா கையில் டம்ளரோடு நின்றிருந்தாள். பக்கத்தில் இருந்த தண்ணீர் கேனின் வயிற்றில் ஒரு பொட்டு ஓட்டை. அதிலிருந்து பீய்ச்சிய தண்ணீர் அவள் புடவையை நனைத்துத் தரையில் ஓடியது.

"தண்ணி குடிச்சுட்டு வரேன்னு சொல்லிட்டுத்தானே பின்வாசல் வழியா சுத்தி வந்தேன்," என்றாள். "நீங்க ஏன் 'அடிக்கிறேன்'னு சொல்லல? இதையாவது வாயைத் திறந்து சொல்லக் கூடாதா? ஒரு சாண் தள்ளி நின்னிருந்தா…"

ஷ்யாம்சுந்தர் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றியும் எல்லாம் மங்கலாகவே தெரிந்தது. தரைத் தண்ணீர் அவர் பாதம் வரைக்கும் வந்துவிட்டது. வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பரிதா துப்பாக்கியை எடுத்துப்போக வந்து நின்றாள். யார் நின்றால் என்ன?

"சுப்ரஜா," என்றார். தொண்டையில் ஒரு மாதமாக, ஒருவேளை இருபத்தைந்து வருஷமாக, உட்கார்ந்திருந்தது எழுந்து நின்றது. தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். "எனக்கு இந்தத் தடுப்பு வேண்டாம்! நீ அந்தப் பக்கம் போகாதே. என்கூட இந்தப் பக்கமே இரு!"

சுப்ரஜா கையிலிருந்த டம்ளரை மெல்ல மேடைமேல் வைத்தாள்.

வாசலில் பரிதா நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள்.

"அப்பாடா, கேட்டுட்டாரு! டீச்சர், இனிமே ரெண்டு இன்ச் ஆணி ஸ்டாக் இல்லேன்னு நீங்க சொல்லிக் குடுத்த பொய்யை நான் சொல்லிக்கினு இருக்க வேணாமில்ல?"