வேட்டை ஜக்கெற்

"நீ வேட்டைக்குப் போவாயா?" என்று மனேஜர் கொலின்ஸ் கேட்டபோது விக்னராஜா இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "யேஸ் சேர், ஊரில் கொஞ்சம்" என்று சொல்லித் தொலைத்துவிட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த ஜக்கெற் அப்படிப்பட்டது. எழுபத்தாறாம் ஆண்டுக் குளிருக்கு ஏதாவது வாங்கலாம் என்று ஸ்பிரிங்வேலில் பழைய உடுப்புக் கடைக்குப் போனவர், கிழிந்த கம்பளிகளுக்கு நடுவே அதைக் கண்டதும் நின்றுவிட்டார். பிரான்ஸில் வேட்டைக்காரர்களுக்கென்றே தைத்தது. பாசிக்குளத்துப் பச்சை. முள்ளுக்கும் மழைக்கும் அசையாத தடித்த துணி, ஆனால் தொட்டால் பூனைக்குட்டி மாதிரி மெத்தென்றிருந்தது. பித்தளைப் பொத்தான்களில் ஒவ்வொன்றிலும் ஒரு தலை: காட்டுப்பன்றி, கலைமான், நரி. முதுகுப்புறத்தில், சுட்ட முயலைப் போட ஒரு பெரிய பை.

"சைவக்காரருக்கு முயல் போடுற பை என்னத்துக்கு?" என்றாள் மனைவி யோகராணி.

"கத்தரிக்காய் வைக்கலாம்" என்றார். மார்க்கெற்றில் வைக்கவும் செய்தார்.

அதைப் போட்டுக்கொண்டால் அவருடைய நடையே மாறிவிடும். தொழிற்சாலையில் யந்திரப் படம் வரைகிறவர் என்பது மறந்து, குதிரையை வெளியே கட்டிவிட்டு உள்ளே வந்தவர் போல நடப்பார்.

மாற்றம் கொலின்ஸிடமும் தெரிந்தது. யாருக்கும் குட்மோர்னிங் சொல்லாத மனிதர், இப்போது விக்னராஜாவின் மேசைக்குத் தேடி வந்தார். பன்றித்தலைப் பொத்தானை ஒற்றை விரலால் தடவி, "இப்படித் தைக்க இப்போது ஆள் இல்லை" என்று பெருமூச்சு விட்டார். மறுநாள் மேசையையே ஹீட்டருக்குப் பக்கத்தில் போடச் சொன்னார்.

"இங்கே நல்ல சூடு. ஜக்கெற்றைக் கழற்றி வைக்கலாமே."

"பரவாயில்லை சேர்" என்று விக்னராஜா வியர்த்துக்கொண்டே வரைந்தார்.

"உடுப்புக்கு எவ்வளவு மரியாதை பாத்தியா?" என்று வீட்டில் பெருமையடித்தார். அந்த வாரமே வேட்டைக்கு அழைப்பு வந்தது.

"உண்மையைச் சொல்லுங்கோவன்" என்றாள் யோகராணி.

"இப்ப சொன்னா மானம் போகும்."

மறுநாள் கொலின்ஸிடம் தோளில் நோவு என்றார். கொலின்ஸ், "சுட வேண்டாம், கூட வா" என்றார். சனிக்கிழமை விரதம் என்றார். வேட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. துவக்குக்கு லைசென்ஸ் இல்லை என்றார்.

"துவக்கு என்னிடம் இருக்கிறது. நீ ஜக்கெற்றை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டு வா!"

ஞாயிறு காலை சதுப்பில் இறங்கினார்கள். "நனைந்துவிடும், கழற்றித் தா" என்று கொலின்ஸ் கை நீட்டினார். அதற்குள் வாத்துக்கூட்டம் ஒன்று தாழப் பறந்து வந்தது. கொலின்ஸ் துவக்கை உயர்த்தினார். முன்னால் பறந்த வாத்தின் கழுத்தைப் பார்த்த விக்னராஜாவுக்குப் பொறுக்கவில்லை.

"முருகா!"

வாத்துகள் ஒரேயடியாக மேலெழுந்து மறைந்தன. தன் சத்தத்துக்குத் தானே மிரண்ட விக்னராஜா, வழுக்கி இடுப்பளவு சேற்றில் போய் உட்கார்ந்தார். வேலை போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஆனால் கொலின்ஸ் வாத்துகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. துவக்கைக் கரையில் வைத்துவிட்டு ஓடிவந்து தூக்கி, தன் கைலேஞ்சியாலேயே சேற்றைத் துடைத்தார். கண்கள் கலங்கியிருந்தன. விக்னராஜா நெகிழ்ந்துபோனார்.

"சேர், நான் வேட்டைக்காரன் இல்லை. பொய் சொல்லிவிட்டேன்."

"தெரியும்" என்றார் கொலின்ஸ், துடைப்பதை நிறுத்தாமல்.

நேரே தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஜக்கெற்றைக் கழற்றி வாங்கிக்கொண்டு, தானே துவைக்கப் போனார். உள்ளேயிருந்து சீட்டியடிக்கும் சத்தம் கேட்டது.

"என்ன மனிதர், மேடம்!" என்றார் விக்னராஜா.

தேநீரை நீட்டிய திருமதி கொலின்ஸ் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அது அவருடைய ஜக்கெற், பழசாகிவிட்டதென்று அவருக்குத் தெரியாமல் கடைக்குக் கொடுத்தது நான். அவரோ நீங்கள் திருடிவிட்டீர்கள் என்று நினைத்து, எப்படித் திருப்பிக் கேட்பதென்று தெரியாமல் இவ்வளவு நாளும் தவிக்கிறார்!"