சகலை வீட்டுக் கொத்தமல்லி

கல்யாணமான ஆணுக்கு வாய்க்கும் சோதனைகளில் முதன்மையானது சகலை. மாமியாரைக்கூடச் சமாளித்துவிடலாம், சற்றுத் தள்ளி உட்கார்ந்தால் போதும். சகலையோ ஊரில் இல்லாத நாளிலும் நம் வீட்டுக்குள்ளேயே இருப்பார், மனைவியின் வாயில்.

என் சகலை பூமிநாதன், என் மனைவி செல்லத்தின் அக்காவைக் கட்டியவர். கமுதியில் இருக்கிறார். என்னைப் போலவே அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். (எனக்கு மேல் பதவி என்பார். ஒரே பதவிதான், அவருடைய நாற்காலி பெரிது.) இராமநாதபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில், செல்லம் ஒருமுறை கமுதிக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து ஒரே பேச்சு, அவர் வீட்டு ஃபிரிட்ஜ்.

“அத்தான் வாங்கி வைக்கிற மல்லித்தழை ரெண்டு வாரம் ஆனாலும் இப்பப் பறிச்ச மாதிரி இருக்குங்க. நம்ம வீட்டுல மூணாம் நாளே கொழகொழன்னு போயிருது.”

“அப்படி என்னதான் செய்யிறாராம்?”

“கழுவாம, ஈரம் படாம, துணியில சுத்தி வைக்கிறாக. அதுக்கெல்லாம் பொறுமை வேணும்.”

இவளோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தது எந்தக் கணக்கில் வரும் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. (அதுவும் பொறுமைதான்.)

மாமனாருக்கு ஆண் பிள்ளை கிடையாது. அதனால் ஆடி அமாவாசைக்கு மகள்கள் இருவர் குடும்பமும் இராமேஸ்வரம் போய்க் கடலில் முழுகிவிட்டு வந்து, எங்கள் வீட்டில் அவருக்குப் படையல் போடுவது வழக்கம். காய்கறியைக் கமுதியிலிருந்து சாக்கில் கட்டிக் கொண்டுவருவது சகலை. அந்தச் சாக்கு இறங்கும்போது செல்லத்தின் முகத்தில் வரும் வெளிச்சத்தை என் சம்பள நாளில்கூட நான் பார்த்ததில்லை.

இந்தத் தடவை விடுவதில்லை என்று போன் போட்டேன். “சகலை, நீங்க ஒண்ணும் கொண்டு வராதீக. காய் பூரா என் பொறுப்பு.”

“அமாவாசைக்கு முந்துன நாளு அங்கன நல்ல காய் கிடைக்காதே?”

“ஒரு வாரம் முன்னாடியே வாங்கி ஃபிரிட்ஜுல வச்சிருவேன்.”

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது.

அவரைக்காய், கொத்தவரங்காய், மல்லித்தழை எல்லாம் வாங்கினேன். கீறல் பட்டதைக் கழித்தேன். அவரைக்காயை எண்ணினேன்: நூற்று நாற்பத்தாறு. வாழைப்பழம் பக்கத்தில் இருந்தால் காய் சீக்கிரம் பழுத்துப்போகும் என்று படித்திருந்ததால் பழத்தை முன்னறைக்கு நாடு கடத்தினேன். குளிரில் வாழைக்காய் கறுத்துவிடும் என்பதால் அதையும் பூசணிக்காயையும் வெளியே மூலையில் வைத்தேன்.

சகலை துணியில் சுற்றுவதோடு நிறுத்திக்கொண்டார். நான் துணியும் விரித்து, காற்றுப் புகாத டப்பாவிலும் வைத்தால் அவரை முந்திவிடலாமே? எங்கள் வீட்டு டப்பாக்களின் மூடிகள் எல்லாம் ஆடின. ஒன்றைத் தவிர. அது நெத்திலிக் கருவாடு வைக்கும் பெரிய டப்பா. அமாவாசைக்காகக் கருவாட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுச் செல்லம் அதைக் கவிழ்த்து வைத்திருந்தாள். பாம்பன் கருவாடு வருஷம் முழுக்கப் பாலுக்குப் பக்கத்தில் இருந்தும் ஒரு பொட்டு வாடை வெளியே வந்ததில்லை. வாடையை வெளியே விடாத டப்பா காற்றை உள்ளே விடுமா? (இந்தத் தர்க்கத்தில் இன்றும் எனக்குப் பிழை தெரியவில்லை.) சோப்புப் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, மோந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. என் மூக்குக்கும் எழுபது வயது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

காயையும் தழையையும் துணியில் சுற்றி அதில் அடைத்து, “அமாவாசை வரைக்கும் யாரும் தொறக்கக் கூடாது” என்று உத்தரவும் போட்டேன்.

அமாவாசையன்று கடலில் முழுகிவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் எல்லோரும் பசியோடு வந்து சேர்ந்தோம். அடுப்படியில் அத்தனை பேரையும் நிற்கவைத்து டப்பாவைத் திறந்தேன். அவரைக்காய் பச்சைப்பசேலென்று சிரித்தது.

“அடேயப்பா! அசத்திப்புட்டீக சகலை!” என்றார் பூமிநாதன். அவர் முகம் சுருங்கியதை நான் கண்ணாரக் கண்டேன். அந்த இன்பம் செல்லம் மூச்சு இழுக்கும் வரைதான் நீடித்தது.

“என்னங்க இது, நெத்திலி வாடை! எங்கய்யா படையலுக்கா இதை வச்சீக?”

காய் முழுக்கக் கொல்லைக்குப் போனது. பூசணியையும் வாழைக்காயையும் வைத்து ஒருவழியாகச் சமைத்து, மொட்டைமாடிச் சுவரில் காக்காய்க்குச் சோறு வைத்தோம். காக்காய் தொடாமல் யாரும் சாப்பிடக் கூடாது. கூப்பிட்டோம். கத்தினோம். ஒன்றும் வரவில்லை. எட்டிப் பார்த்தால், ஊர்க் காக்காய் எல்லாம் கொல்லையில் என் அவரைக்காயைச் சுற்றிப் பந்தி உட்கார்ந்திருந்தன.

செல்லத்தின் அக்கா பசியில் சுவரோடு சாய்ந்துவிட்டாள். “இவுக வாங்குன கெட்ட பேரு போதாதுன்னு எங்கய்யாவையும் பட்டினி போட்டுட்டாகளே” என்று செல்லம் அழவே ஆரம்பித்தாள்.

பூமிநாதன் விறுவிறுவென்று இறங்கிப் போய், ஒரே ஒரு அவரைக்காயை எடுத்து வந்து சோற்றின் மேல் வைத்தார். கண் மூடித் திறப்பதற்குள் ஒரு கிழட்டுக் காக்காய் வந்து இறங்கியது.

“மாமா நெத்திலின்னா உசுர விடுவாரே! அவரே வந்துட்டாரு, பாருங்க” என்றார்.

செல்லம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “அத்தான் மூளையே தனி.”

இப்போதெல்லாம் அமாவாசைக்குக் காக்காய் வரத் தாமதமானால், “தாத்தா, உங்க அவரைக்காய் ஒண்ணு குடுங்க” என்று பேரப்பிள்ளைகள் கத்துகிறார்கள். காக்காயை வரவழைத்த பெருமை முழுக்க சகலைக்குப் போய்விட்டது. ஒரு வாரம் கழித்தும் அந்த நூற்று நாற்பத்தாறில் ஒன்றுகூட வாடவில்லை என்பதை மட்டும் இன்றுவரை ஒருவரும் சொல்வதில்லை.