சுங்க அதிகாரியின் மகன்

"நாளைக்கு நீங்கள் வேலைக்குப் போகவேண்டாம் வாப்பா," என்றான் காமில். "இருமல் கூடிப்போச்சு."

இருமல் இருந்தது உண்மை. ஆனால் காமிலின் பயம் வேறு. கொழும்பில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் கிழமையே, தன் தகப்பன் தலைமன்னாரில் சுங்க அதிகாரி என்று அவன் சொல்லிவிட்டான். அதில் தலைமன்னார் மட்டும்தான் உண்மை. அவனுடைய வாப்பா ஜுனைதீன் அங்கே இந்தியாவுக்குப் போகும் கப்பலுக்குப் பெட்டி சுமப்பவர். மன்னாரிலிருந்து விடிகாலை ரயிலில் போய்ப் பொழுதுபடத் திரும்புவார். விடுமுறையில் காமில் ஊருக்கு வந்திருக்க, கூடப் படிக்கும் அமிர்தநாயகம் இப்போது தன் அப்பாவோடு வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டிருந்தான். வழியில் காமிலின் தகப்பனைச் சந்திக்க ஆசை என்று தந்தி அடித்திருந்தான்.

ஜுனைதீன் மறுக்கவே இல்லை. "வீட்டில நிக்கிறன். ஆனா நீயும் துறைப்பக்கம் போகாதை மகன்."

மறுநாள் காமில் இரவல் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு துறைக்குப் போனான்.

"உன்ர அப்பா எங்க?" என்றான் ரயிலால் இறங்கிய அமிர்தநாயகம்.

"அவசர வேலையா அனுராதபுரம் போயிட்டார்."

"அப்ப அவற்ற கந்தோரையாவது காட்டு."

காமில் பதறிப்போய், அலுவலகம் இதுதான் என்று கண்ணில் பட்ட முதல் கதவைக் காட்டினான். அதில் 'பெண்கள் தங்கும் அறை' என்று எழுதியிருந்தது. அமிர்தநாயகம் அதை இரண்டு தரம் வாசித்தான்.

அதற்குள் அங்கே வேறு சிக்கல். அமிர்தநாயகத்தின் அப்பாவுடைய இரும்புப் பெட்டி இறக்கின இடத்திலேயே கிடந்தது. பக்கத்தில் சுமைகாரர் முஹைதீன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தனிய ஏலாது ஐயா. என்ர சோடி ஆள் ஜுனைதீன் இண்டைக்கு வரேல்லை."

சுமைகாரரை மேய்க்கும் கங்காணிக்குக் கோபம் வந்தது. "சொல்லாமல் வீட்டில நிண்டவனோ? அவன்ர பேரை வெட்டு. நாளைக்கு வேற ஆள்."

காமில் வாப்பாவின் தோளில் தடித்துக் கறுத்த தோலை நினைத்தான். அவர் சட்டை கழற்றும்போதெல்லாம் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வது வழக்கம். கோட்டைக் கழற்றிச் சுருட்டித் தோளில் வைத்தான்.

"வெட்டாதேங்கோ ஐயா. வாப்பாவை நான்தான் மறிச்சனான். அவருக்குப் பதிலா நான் தூக்கிறன்." பிறகு அமிர்தநாயகத்தைப் பார்த்தான். "ஜுனைதீன்தான் என்ர வாப்பா. சுங்கமும் இல்லை, கந்தோரும் இல்லை."

"அந்தக் கதவைக் கண்ட உடனேயே எனக்குச் சந்தேகம்தான்," என்றான் அமிர்தநாயகம். அவன் சிரிக்கவில்லை. குனிந்து, தன் படுக்கைக் கட்டைத் தானே தூக்கிக்கொண்டான்.

கப்பலுக்கு ஏறும் பலகையில் காமில் நின்று நின்று ஏறினான். தோள் எரிந்தது. வாப்பா ஒருநாளும் இதைப்பற்றி வீட்டில் ஒரு சொல் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கப்பல் போன பின்பும் அவன் கோட்டை மாட்டவில்லை. மிச்சச் சுமைகளையும் முஹைதீனோடு சேர்ந்து தூக்கினான்.

வேலை ஓய்ந்ததும் முஹைதீன் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து நீட்டினார். காமில் இரு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"சாச்சா, இனி யூனிவர்சிட்டியில ஆர் கேட்டாலும் ஒளிக்க மாட்டன். என்ர வாப்பா பெட்டி சுமக்கிறவர் எண்டு சொல்லுவன்."

முஹைதீன் மெல்லுவதை நிறுத்தினார்.

"யூனிவர்சிட்டியோ? கொழும்புக் கோட்டை ரயிலடியில எங்கட பிள்ளையள் மாதிரி நீயும் மூட்டை தூக்கிறாய் எண்டெல்லோ உன்ர வாப்பா எங்களுக்குச் சொல்லி வைச்சிருக்கிறார்."