வாங்கோ அண்ணையின் ஓட்டோக் காசு

புதுக்கடை நீதிமன்றத்தில் அன்று இருந்தவர்கள்: நீதிபதி, மொழிபெயர்ப்பாளர், இரண்டு பக்கத்து லோயர்மார், வவுச்சர் கட்டோடு நான், மடியில் பப்படத் தகரத்தோடு வாங்கோ அண்ணை. வராதவர் எங்கள் முதலாளி. காலையில் அவருக்குத் திடீரென்று நாரி பிடித்து இடுப்பை நிமிர்த்த முடியவில்லையாம்.

கொழும்பு மாநகரில் சொன்ன சொல்லை அப்படியே நம்பிய ஒரே மனிதர் வாங்கோ அண்ணைதான் என்று எந்தக் கோயிலிலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன். கொட்டாஞ்சேனையில் ஆறு பெண்களை வைத்துப் பப்படம் போட்டவர். வெள்ளவத்தையில் கல்யாணச் சாப்பாடு செய்து கொடுக்கும் எங்கள் கம்பனிக்கு அவர்தான் பப்படம். ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்றைப் பொரித்துக் காதோரம் வைத்து உடைத்து, "சுருதி சரி" என்று சொன்ன பிறகுதான் இறக்குவார்.

எங்கள் பரம்பரையில் பல்கலைக்கழகப் படி மிதித்த முதல் ஆள் நான். நாலு வருடம் வணிகம் படித்து வந்த எனக்கு அந்தக் கம்பனியின் கணக்குப் பிரிவில் கிடைத்த முதல் பொறுப்பு, சாமான் தந்தவர்களுக்குக் காசு இல்லை என்று மரியாதையாகச் சொல்வது. அண்ணைக்கு நாலு இலட்சத்துக்கு மேல் பாக்கி. முதல்முறை அவர் வந்தபோது, எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னேன்.

"நாளைக்கு வாங்கோ அண்ணை."

மறுநாள் கதவு திறக்க முன்னமே வாசலில் நின்றார்.

"வந்திட்டன் தம்பி. தாரும்."

"இண்டைக்கு இல்லை அண்ணை..."

"நீர்தானே வாங்கோ எண்டனீர்? வாங்கத்தான் வந்தனான். சும்மா வாறதெண்டால் நான் கடற்கரைக்குப் போயிருப்பனே."

நான் சொன்னது வரச்சொல்லி. அவர் கேட்டது பெற்றுக்கொள்ளச் சொல்லி. ஒரே சொல், ஒரு கம்பனியையே கவிழ்க்கப் போதுமான சொல். அன்று தொடங்கி கிழமைக்கு ஒரு தரம் வந்தார். பேசமாட்டார், சண்டை பிடிக்கமாட்டார். வரவேற்பறைக் கதிரையில் இருந்து பப்படம் உடைத்துக் காதில் வைத்துக் கேட்பார். ஒருநாள் கல்யாணச் சாப்பாட்டுக்குச் சொல்ல வந்த பெண் வீட்டு அம்மா, "ஆர் இந்த ஐயா?" என்று கேட்டுவிட்டார்.

"எங்கட கடன்காரர்" என்றேன் அவசரத்தில்.

"ஐயோ பாவம், எவ்வளவு குடுக்கவேணும் உங்களுக்கு?" என்று அந்த அம்மா அனுதாபத்தோடு என்னைப் பார்த்தார்.

"அம்மா, குடுக்கவேண்டியது அவை. நான் வாங்கவேண்டியவன்" என்றார் அண்ணை, ஒரு பப்படத்தை அவரிடம் நீட்டியபடி. அந்தக் கல்யாணம் வேறு கம்பனிக்குப் போய்விட்டது.

முதலாளி கொதித்தார். "ஓட்டோக் காசைக் குடுத்து ஆளைக் கிளப்பும். ஐந்நூறு போதும்."

கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோ ஆயிரத்துக்கு மேல் கேட்கும். அண்ணை அந்த ஐந்நூறைக் கண்ணில் ஒற்றி, "இண்டைக்கு வாங்கினன்" என்று அறிவித்துவிட்டு பஸ்ஸில் போனார். நான் அதைப் போக்குவரத்துச் செலவு என்று எழுதினேன். முதலாளி பேனையைப் பறித்தார்.

"என்ன, தானமோ? அவற்ற பில்லில கழியும்! பப்படப் பாக்கியில ஒரு பகுதி எண்டு எழுதும். நான் கையெழுத்து வைக்கிறன்."

அவர் மனதில் வேறு கணக்கு ஓடியது. விற்ற சாமானின் காசுக்கு வழக்குப் போட நம் நாட்டுச் சட்டம் ஒரு வருடம்தான் தருகிறது. இழுத்தடித்தால் பாக்கி தானாகச் செத்துவிடும். அண்ணையோ மா அரைக்கும் மெசினை அடகு வைத்துத்தான் அந்தப் பெண்களுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார். பாக்கி செத்தால் மெசினும் போகும், ஆறு பேரின் வேலையும் போகும்.

எனக்குப் படித்தது உறுத்தியது. முதலாளியிடமே போனேன்.

"ஐயா, பில்லில கழிச்சால் அது கடனில ஒரு பகுதி கட்டின மாதிரி. கட்டின நாளில இருந்து அந்த ஒரு வருசம் திரும்பப் புதுசாத் தொடங்கும். ஓட்டோக் காசைச் சும்மா குடுத்தால் உங்களுக்குத்தான்..."

"சும்மாவோ?" அவருக்கு மூச்சு முட்டியது. "ஐந்நூறு ரூபா சும்மாவோ? படிச்ச பிள்ளையெண்டு பாத்தால் வீட்டையே வித்துப்போடுவீர் போல. கழியும்!"

கழித்தேன். ஒருமுறை சொல்லியாயிற்று, கடமை முடிந்தது. அதன்பிறகு என் எழுத்து மிகவும் அழகாக வந்தது.

அண்ணை போட்ட வழக்கு விசாரணைக்கு வந்தபோது எங்கள் பக்க லோயர் நிமிர்ந்து நின்று, சாமான் இறக்கி ஒரு வருடம் தாண்டிவிட்டது, வழக்கே செல்லாது என்றார். நீதிபதி, கேட்கப் போனபோதெல்லாம் கம்பனி என்ன சொன்னது என்று அண்ணையை விசாரித்தார்.

"வாங்கோ எண்டவை ஐயா."

மொழிபெயர்ப்பாளர் திணறினார். சிங்களத்தில் வரச்சொல்வதற்கு 'என்ன', எடுக்கச்சொல்வதற்கு 'கன்ன'. எது என்று தெரியாமல் அண்ணையிடம் திரும்பி, "என்னவா?" என்றார்.

"என்னவோ? வேறென்ன, காசுதான் ஐயா!"

நீதிபதிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அண்ணையின் இளம் லோயர் எழுந்து, வந்தாரோ வாங்கினாரோ, வவுச்சரைப் பார்ப்போம் என்றார். நான் கட்டை நீட்டினேன். ஒவ்வொன்றிலும் 'பப்படப் பாக்கியில் ஒரு பகுதி'; ஒவ்வொன்றின் கீழும் முதலாளியின் கையெழுத்து. கடைசி வவுச்சர் வழக்குப் போடுவதற்கு முந்திய கிழமையினது. எங்கள் லோயர் என் காதில், "இந்த மடைவேலை ஆர் பாத்தது?" என்றார்.

"நாரி பிடிச்சவர்" என்றேன்.

வழக்கில் வென்று, காசோலை வாங்க அண்ணை அலுவலகத்துக்கு வந்தார். தகரத்துக்குள் அதைப் பக்குவமாக வைத்தார். முதலில் மெசினை மீட்கப் போவதாகச் சொன்னார். நான் பழக்கதோசத்தில், "சரி, போயிட்டு வாங்கோ அண்ணை" என்றேன்.

எழுந்தவர் திரும்பக் கதிரையில் இருந்தார். "இன்னும் இருக்கோ தம்பி?"

இருந்தது. என் சட்டைப் பையில். ஓட்டோவுக்கு முழுக் காசு எடுத்துக் கொடுத்தேன். கண்ணில் ஒற்றி, "இண்டைக்கும் வாங்கினன்" என்றார். யன்னலால் பார்த்தேன், மனிதர் நேராக பஸ் தரிப்பிடத்துக்குத்தான் போனார்.

பப்படப் பாக்கி, வட்டி, வழக்குச் செலவு எல்லாம் சேர்த்துக் கம்பனிக்கு முடிந்தது ஐந்து இலட்சத்து எண்பத்தாறாயிரம் ரூபாய். எனக்கு ஆயிரத்து இருநூறு. அதை நான் யாருடைய பில்லிலும் கழிக்கவில்லை.