கண்ணாடி பாய் செய்த ஒரே தப்பு

ராமநாதபுரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில், வாழ்நாளில் ஒரு தப்புகூடச் செய்யாத மனிதர் ஒருவர்தான் இருக்கிறார். அக்காள்மடம் மெயின் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் கண்ணாடி பாய். இது ஊருக்கெல்லாம் எப்படித் தெரியும் என்றால், பாயே சொல்லியிருக்கிறார். கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறார்.

அவருக்குக் கண்ணாடிக் கடை கிடையாது. மூக்குக் கண்ணாடியும் போடுவதில்லை. வளைகுடாவில் ஏதோ கப்பல் பட்டறையில் ஆர்கான் வெல்டிங் கற்றுக்கொண்டு வந்தவர். அலுமினியத்தை ஒட்டுவார், ஒட்டின தடம் மறைகிற வரை தேய்ப்பார், அதற்கப்புறமும் நிறுத்தாமல் தேய்த்து முகம் பார்க்கிற கண்ணாடி ஆக்கிவிடுவார். அதனால் அந்தப் பெயர். அவருடைய சொந்த ஸ்கூட்டர் மட்டும் உப்புக் காற்றில் துருவேறி, கயிற்றுக் கட்டோடு நிற்கும். கேட்டால், "டாக்டருக்கு இருமல் வரக் கூடாதா?" என்பார்.

ஐம்பது வயதில் சிலருக்குப் பக்தி வரும், சிலருக்குச் சர்க்கரை வரும். எனக்கு இரண்டும் வந்து, போதாததற்கு மோட்டார் சைக்கிள் ஆசையும் வந்தது. என் பழைய வண்டியின் இரும்பு டேங்க் கடல் காற்றில் சல்லடை ஆகிவிட்டிருந்தது. மதுரையில் சொல்லி, பளபளவென்று ஓர் அலுமினிய டேங்க் செய்து கொண்டுவந்தேன். என் மனைவி அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. இதுல எத்தன பேருக்குப் பொங்கல் வைக்கலாம்?"

அந்த ரோஷத்தில் டேங்க்கை நானே பொருத்தினேன். போல்ட்டை என் கண் பிதுங்கும்வரை முறுக்கினேன். பொருத்திய கொஞ்ச நாளிலேயே அடிப்பக்கம் கீறல் விட்டு, பெட்ரோல் என் பேன்ட்டில் சொட்டியது. டீக்கடையில் பீடி பிடிக்கிறவர்கள் என்னைக் கண்டதும் எழுந்து போக ஆரம்பித்தார்கள். மரியாதை என்றுதான் முதலில் நினைத்தேன்.

இந்த நேரம் பார்த்து ராமேஸ்வரத்தில் மனைவியின் அண்ணன் மகள் கல்யாணம் வந்தது. பஸ்ஸில் போகலாம் என்றேன்.

"ஏன், ஒங்க வண்டி மேல ஒங்களுக்கே நம்பிக்கை இல்லையா? வண்டியிலதான் வாரேன். ஒரு சொட்டு எம் பட்டுச்சேலைல பட்டுச்சு, இல்ல வழியில நின்னுச்சுன்னு வைங்க, மறுநா காலையில இத எடைக்குப் போட்டுருவேன்."

அவள் சொன்னதைச் செய்கிறவள். என் பழைய ஹார்மோனியம் அப்படித்தான் போனது.

டேங்க்கைத் தூக்கிக்கொண்டு அக்காள்மடம் ஓடினேன். பாய் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. டேங்க்கைத்தான் பார்த்தார். அது அவர் வழக்கம். ஆளை நேரில் பார்க்க மாட்டார், டேங்க்கில் தெரிகிற முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். "ஆளு மொகம் பொய் சொல்லும். டேங்க்ல தெரியிற மொகம் சொல்லாது" என்பார்.

"யாருப்பா இத இப்புடி இறுக்குனது?"

"நான்தான் பாய்."

"எதுக்கு? டேங்க் எறங்கி ஓடிப்போயிரும்னு பயமா? இரும்புன்னா அடி வாங்கிக்கும். இது ரோஷக்காரச் சாமான். இறுக்குனா வாயத் தொறந்துரும். ரப்பர் எங்க?"

"என்ன ரப்பர் பாய்?"

தலையில் அடித்துக்கொண்டார். தன் தலையில்தான். ஆனால் என் தலையை ஒருதரம் பார்த்துவிட்டு அடித்துக்கொண்டார்.

சோப்புத் தண்ணீர் ஊற்றி டேங்க்கைக் கழுவினார். வாயைத் திறந்து கடல் காற்றில் கிடத்தினார். காலையும் மாலையும் மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்த்தார். பெட்ரோல் வாசனை துளியும் இல்லை என்று அவர் மூக்கு சம்மதித்த அன்றைக்கு, வண்டியையும் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு என்னை வரச் சொன்னார். முகமூடியை மாட்டினார்.

"பாய், வெடிக்காதுல்ல?"

"வெடிச்சா மொதல்ல நாந்தானய்யா போவேன். ஒனக்கென்ன?"

"பக்கத்துல நான் நிக்கிறேனே பாய்."

"அப்ப நீ ரெண்டாவது."

அவர் "பிஸ்மில்லா" சொல்லி முடிப்பதற்குள் நான் ரோட்டைத் தாண்டி இளநீர் வண்டிக்குப் பின்னால் இருந்தேன். "எளநி வெட்டவா?" என்றார் வண்டிக்காரர். "வேணாம்ணே, மறைவு போதும்" என்றேன். "மறைவு தனியாக் கெடையாது, எளநியோடதான்" என்றார். நீல வெளிச்சம் பளிச்சிட்டபோது கையில் இளநீரோடு, உத்தரகோசமங்கையில் ஆரம்பித்து ராமேஸ்வரம் வரை ஒரு சாமி விடாமல் கூப்பிட்டுவிட்டேன். ஒன்றும் வெடிக்கவில்லை. பாய் டேங்க்கை நீல டிரம்மில் முக்கி, சைக்கிள் பம்பால் காற்றடித்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்ற எனக்குக் கேட்கும்படி, "வராது" என்றார்.

அப்புறம் தேய்ப்பு. அதற்கப்புறம் பரீட்சை. பாயிடம் டேங்க் வாங்குகிறவன் அதன் முன்னால் குனிந்து பல்லைக் காட்ட வேண்டும். முப்பத்திரண்டும் தெரிந்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். காட்டினேன். பாய் பொறுமையாக எண்ணினார்.

"ரெண்டு கொறையுதே."

"புடுங்கிட்டாங்க பாய்."

நம்பாமல் என் வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துச் சரிபார்த்தார். குறைச்சல் என் பக்கம்தான் என்று தெரிந்த பிறகே அவருக்கு நிம்மதி.

அன்றைக்கு உப்பூர்ப் பக்கமிருந்து வந்த ஓர் இன்ஜினீயர் தன் டேங்க்கைப் பார்த்து, "ஒரு பக்கம் லேசா மங்கலா இருக்கே பாய்" என்றார். பாய் குனிந்து அந்த டேங்க்கில் அவர் முகத்தைப் பார்த்தார்.

"மங்கல் டேங்க்ல இல்ல சார். மூஞ்சில. கழுவிட்டு வாங்க."

அவர் முகம் கழுவாமலே போய்விட்டார். "எந் தப்புன்னு ஒருத்தன் சொல்லிட்டா பட்டறையப் பூட்டிருவேன்" என்று பாய் என் டேங்க்கிடம் சொன்னார். தன் கையால் செய்த புது மூடியைப் போட்டு, டேங்க்குக்கும் வண்டிச் சட்டத்துக்கும் நடுவில் ரப்பர் வைத்து, விரலாலேயே போல்ட்டை முடுக்கி, ஸ்பானரை ஒரே ஒரு தட்டுத் தட்டி நிறுத்தினார். "வீட்டுல போயி எதையும் நோண்டாத" என்று அனுப்பினார்.

நோண்டினேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், டேங்க்கைப் பனியனால் துடைத்துக்கொண்டிருந்தேன். மூடியின் உச்சியில் ஊசி நுழைகிற அளவு ஓர் ஓட்டை! முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். தப்பே செய்யாத பாய் தப்புச் செய்துவிட்டார்! அடுத்து வந்தது பீதி. வேகத்தடையில் வண்டி குதித்தால் அந்த ஓட்டை வழியாகப் பெட்ரோல் பீய்ச்சும். பட்டுச்சேலை போகும். சேலை போனால் வண்டி போகும். பாய்க்கு போன் பண்ணி "ஒங்க வேலைல ஓட்டை" என்று சொல்லலாம்தான். ஆனால் மீதி முப்பது பல்லும் எனக்கு வேண்டியிருந்தது.

நம் பக்கத்தில் டேங்க் ஒழுகினால் எல்லாரும் செய்கிற வைத்தியம் ஒன்று உண்டல்லவா? குளியலறைக்குப் போய்ச் சந்தன சோப்பை எடுத்துவந்தேன். ஓட்டையில் அழுத்தித் தேய்த்து அடைத்தேன். மேலே வழித்துத் துடைத்ததும் இருந்த இடம் தெரியவில்லை. வாசனைகூட நன்றாக இருந்தது.

மறுநாள் உச்சிப்புளியில் வண்டி நின்றது. உதைத்தேன். உதைத்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகக் கிளம்பியது. "சூடாயிருச்சு" என்றேன். "எது, வண்டியா?" என்றாள் மனைவி. மண்டபத்தில் மறுபடி நின்றது, மறுபடி கிளம்பியது. பாம்பன் பாலத்தின் உச்சியில் ஏறி, கீழே இரண்டு பக்கமும் கடல் தெரிகிற இடத்தில் நின்றது. அதற்குமேல் அசையவில்லை.

காற்றில் பட்டுச்சேலை பாய்மரத் துணி மாதிரி விரிந்தது. பாலத்தில் படம் எடுக்க நின்ற வேனிலிருந்து ஓர் அம்மாள் இறங்கி வந்து, எங்கள் டேங்க்கில் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் போனார். டேங்க் எதற்கோ தயாராகிறது, வெடிக்கத்தான் போகிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. மனைவியைத் தள்ளி நிற்கச் சொன்னேன். நான் இன்னும் தள்ளி நின்றேன்.

"பொண்டாட்டிய விட்டுட்டு அங்கன எங்க போறீக?"

"இங்கன டவர் கெடைக்கல."

"தாலி கட்டுற நேரமாச்சு. நாளைக்கு மொத வேல பழைய இரும்புக்கடை."

பாய்க்கு போன் போட்டேன். "என் டேங்க் நிக்காது. நீதான் நின்னுருப்ப. வாரேன்" என்றார்.

கயிறு கட்டிய ஸ்கூட்டர் தடதடவென்று பாலம் ஏறி வந்தது. பாய் எங்களைப் பார்க்கவில்லை. நேராகப் போய் மூடியைத் திறந்தார். "உஸ்ஸ்" என்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. மூடியைக் கட்டைவிரலால் தடவினார். விரலை மோந்து பார்த்தார். அப்புறம் மெதுவாகக் குனிந்து, டேங்க்கில் என் முகத்தைப் பார்த்தார்.

அதில் என் முகம் பலாக்கொட்டை மாதிரி நீண்டு கிடந்தது. அதற்குக் கீழே, மனைவி கண்ணுக்குத் தெரியாதபடி வயிற்றோடு சேர்த்துக் கும்பிட்ட என் இரண்டு கைகளும் தெரிந்தன.

"என்ன பாய்? யாரு தப்பு? இவுக எதையாச்சும் நோண்டுனாகளா?" என்றாள் மனைவி.

பாய் கட்டைவிரலைக் கைலியில் துடைத்தார். கடலைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"இல்ல தங்கச்சி. எந் தப்புதான்."

காற்று அதைப் பாதி அடித்துக்கொண்டு போனது. ஆனாலும் கேட்டது.

"பெட்ரோல் எறங்க எறங்க உள்ள காத்துப் போகணும்மா. மூச்சு விட மூடில ஒரு ஓட்டை வேணும். போட மறந்துட்டேன். ஊக்கு இருந்தாக் குடு."

சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். பாய் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, புதிதாக ஓட்டை போடுகிற மாதிரி முனகி முனகி, என் சந்தன சோப்பைத் தோண்டி எடுத்தார். ஒரே உதையில் வண்டி கிளம்பியது. மூன்றாம் முடிச்சுக்கு அட்சதை போட்டோம். "பாவம், வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல" என்று பந்தியில் மனைவியே எல்லாரிடமும் சொன்னாள்.

அடுத்த வாரம் நன்றி சொல்லப் போனேன். "ஏலே, ஒனக்காகப் பொய் சொல்லி, அல்லாட்ட மன்னிச்சுக்கன்னு தவ்பா கேட்டுட்டு ஒக்காந்துருக்கேன். நன்றி வேறயா? போயிரு" என்றார்.

இன்றைக்கும் அந்த வழியாகப் போனால் மனைவி பட்டறையில் வண்டியை நிறுத்தச் சொல்வாள். இந்தக் கதை வந்திருக்கிற இந்த வார இதழை அவள் கண்ணில் படாமல் ஒளித்துவைத்துவிட்டேன் என்பதால், இனியும் சொல்வாள்.

"என்ன பாய், இப்பயாச்சும் மறக்காம ஓட்டை போடுறீகளா?"

வேறு யாராவது கேட்டிருந்தால் முகம் கழுவப் போயிருப்பார்கள். பாய் தலையைக் குனிந்துகொண்டு, "போட்டுர்றேன்மா" என்பார். குனிந்தபடியே டேங்க்கில் என் முகத்தைத் தேடிப் பிடித்து, ஒரு கண்ணை மட்டும் சிமிட்டுவார்.

தினமும் காலையில் அந்த டேங்க்கைத் துடைத்துவைக்கிறேன். அந்தக் கண் மங்கலாகத் தெரிந்துவிடக் கூடாது.